நடக்கக் கற்றுக்கொண்ட துரைக்கு

மகனே துரை,

நீ ஒரு வாத்து. உனக்கு எழுத்துத் தெரியாது. நான் பத்தாம் வகுப்பில் படிக்கிறவள், பிள்ளை இருக்கிற வயதும் எனக்கு இல்லை. ஆனாலும் இந்த வீட்டில் எல்லோரும் கேலியாகவாவது என்னை உன் அம்மா என்றுதான் சொல்கிறார்கள். நீயும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். அதனால் அம்மாவாகவே எழுதுகிறேன். கரண்ட் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் கூடத்தில் படுத்திருக்கிறார்கள். நான் அடுப்படியில் சிமினி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அப்பா இருமும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தை இந்தத் தாளின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்திலிருந்து அக்காவும், அவளைக் கட்டிக்கொண்ட மாமாவும், அவருடைய அம்மாவும் விருந்துக்கு வருகிறார்கள். அந்த விருந்துக்கு உன்னைச் சமைப்பதாக அப்பா சொல்லிவிட்டார். கொல்லைப்புறத்துக் குட்டையிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, பிடித்து, அப்பா கையில் கொடுக்க வேண்டியவள் நான்.

நீ பிறந்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. போன மார்கழியில் அடித்த புயலில் நம் கொல்லைக் கூரை பறந்து போயிற்று. தெருவெல்லாம் தென்னை மட்டையும் முறிந்த முருங்கையும் கிடந்தன. அதன் பிறகு தை அறுவடை முடிந்ததும் கெடிலம் ஆற்றங்கரையில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து தங்கினார்கள். அவர்களிடம் அம்மா குழம்புக்கு முட்டை வாங்கினாள். எதிர் வீட்டு ரீட்டா அக்காவின் கோழி அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது. விளையாட்டாக ஒரு வாத்து முட்டையை அதன் வயிற்றுக்கடியில் வைத்தோம். அது நீ. கோழிக் குஞ்சு பொரிக்க மூன்று வாரம் போதும், வாத்துக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது, அந்தக் கோழிக்கும் தெரியாது. தன் குஞ்சுகள் வெளியே வந்ததும் அவற்றைக் கூட்டிக்கொண்டு அது எழுந்து போய்விட்டது. "இது கூமுட்டைடி, தூக்கிப் போடு" என்றாள் ரீட்டா அக்கா. டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு நிழல் துள்ளியது. அதன் பிறகு எப்படித் தூக்கிப் போடுவது?

அதற்கு மறுநாள்தான் நான் பெரியவளானேன். தாய்மாமன் வந்து கொல்லையில் தென்னை ஓலையால் குடிசை கட்டினார். புயலில் விழுந்த மட்டை ஊரெல்லாம் கிடந்ததால் ஓலைக்கு அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. குடிசையின் வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, தனிப்பாய், தனித்தட்டு கொடுத்து என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். யாரும் என்னைத் தொடக் கூடாது, நானும் எதையும் தொடக் கூடாது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒரு நல்லதும் இருந்தது. யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். உன்னைப் பாவாடையில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்கும்போது புரண்டுவிடுவேனோ என்று பயந்து சுவரில்லாத அந்தக் குடிசையில் கம்பத்தில் சாய்ந்தபடியே தூங்கினேன். காலையில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றிய பச்சை முட்டையும் தருவார்கள். ஒருநாள் அம்மா என் மடியைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, குடிக்கச் சொல்லிக் குடுத்த முட்டைய மறைச்சா வச்சிருக்க? குடு இப்டி, நானே ஒடைச்சு ஊத்துறேன்."

"அம்மா, அதத் தொடாத. உள்ள தட்டுது."

அம்மா உலக்கையைத் தாண்டி வந்து, தீட்டையும் மறந்து, உன்னைக் காதில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி. வயசுக்கு வந்த கையோட புள்ள பெத்தவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதாண்டி." அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. நீ ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரமாக வெளியே வந்து முதலில் பார்த்தது என் முகத்தை. மஞ்சள் நீராட்டு அன்று பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு மனையில் உட்கார்ந்தபோது நீ என் பின்னால் வந்து பாவாடைக்குள் புகுந்துகொண்டாய். சீர்த்தட்டோடு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா குருணை போட்டபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "தொரைக்குக் குருணை எறங்காதோ?" என்றாள். அதுவே உன் பெயராயிற்று.

நான் உன்னை நன்றாகத்தான் வளர்க்கிறேன் என்று நினைத்தேன். காக்கை தூக்கிவிடும், நாய் கவ்விவிடும் என்று உன்னை வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். நம் வீட்டுத் தரை வழவழவென்ற சிமெண்ட் தரை. அதில் உன் பாதம் வழுக்கி, கால் இரண்டு பக்கமும் அகன்று அகன்று போகும். அதைப் பார்த்து நாங்கள் ஆடுகிறாய் என்று கை தட்டினோம். என் தட்டிலிருந்து சோறு ஊட்டினேன். நான் சாப்பிடுவதை நீயும் சாப்பிட்டால் போதும் என்று நினைத்தேன். சித்திரையில் நீ நடக்காமல் உட்கார ஆரம்பித்தாய். கூப்பிட்டால் எழுந்து இரண்டடி வைத்துவிட்டு, கணுக்கால் மேல் சரிந்து உட்கார்ந்துவிடுவாய். கால்கள் உள்பக்கமாக வளைந்திருந்தன. வலது கால் மூட்டு எலுமிச்சங்காய் போல வீங்கிச் சூடாக இருந்தது. அதைத் தொட்டபோது நீ கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாய். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். இரவு வேலை முடிந்து வந்தால் யாரோடும் பேச மாட்டார். அவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன் நானும் அக்காவும் யார் கேட்பது என்று அடித்துக்கொள்வோம். அன்று காலை நானே போய் நின்றேன். "அப்பா, துரைக்குக் கால் வரல" என்றேன். அவர் குனிந்து உன்னைத் திருப்பிப் பார்த்தார். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். உன்னைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். மாட்டாஸ்பத்திரியில் ஒரே கூட்டம். கறவை மாடு, அரசாங்கம் கொடுத்த ஆடு, கன்றுக்குட்டி. நடுவில் நாம்.

"வாத்தா?" என்றார் டாக்டர். "என்னம்மா தீனி போடுற?"

"சோறு சார்."

"சோறு மட்டுமா?"

"தோசையும்."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், "சட்னி காரமாப் போச்சோ என்னமோ" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. உன் இரண்டு காலையும் நீட்டி மடக்கிப் பார்த்தார். வெறும் சோற்றில் வளர்ந்த வாத்துக்குக் கால் நிற்காது, குஞ்சாக இருந்தபோதே பி வைட்டமின் போதாமல் எலும்பு வளைந்துவிட்டது, வழுக்குத் தரை மூட்டையும் கெடுத்துவிட்டது என்றார். "முழுசா நேராகாது. ஆனா நடக்க வைக்கலாம். பொறுமை இருக்கா உனக்கு?" என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்று தலையாட்டினேன். தண்ணீரில் கலக்க ஒரு சொட்டு மருந்து எழுதினார். சோற்றை நிறுத்திக் கோதுமைத் தவிடும் பச்சைப் பட்டாணியும் சின்ன மீனும் கொடுக்கச் சொன்னார். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும் என்றார். "முக்கியமா தண்ணியில மெதக்க விடு. தரையில இருந்தா அது வெயிட் முழுக்க அந்த மூட்டு மேல. தண்ணிக்குள்ள அதுக்குப் பாரமே இல்ல." அவர் சொன்ன இந்த ஒரு வார்த்தையை இன்று சாயங்காலத்திலிருந்து மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் அப்பா கம்பெனியில் மெஷினோடு வந்த பழைய ஸ்பாஞ்சு அட்டை ஒன்றைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு வந்து, நீ படுக்கிற மூலையில் விரித்தார். நீ நிற்கப் பழகுவதற்கு ஒரு ஊஞ்சல் வேண்டும் என்று நான் துணியை வெட்டிக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, தன் பழைய பனியனைக் கழற்றிக் கொடுத்து, "கை நொழையுற ஓட்டையில அது காலு நொழையும் பாரு" என்றார். அப்படியே நுழைந்தது. பனியனை இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டி, உன் பாதம் தரையை லேசாகத் தொடுகிற உயரத்தில் தொங்கவிட்டோம். நீ அதில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே எங்களைப் பார்த்தாய். "என் பனியனுக்கு வந்த வாழ்வப் பாரேன்" என்று அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளை உன்னைக் கேட்கப் போகிறவரும் அவர்தான். அவரை நீ கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. என்னாலும் அப்படி நினைக்க முடியவில்லை. முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு அடிபம்பில் தண்ணீர் அடித்துத் துணி துவைக்கிற தொட்டியை நிரப்புவேன். உன்னை மெதுவாக அதில் விட்டால், தரையில் அசையாத காலைத் தண்ணீரில் அசைப்பாய். முதலில் இடது கால் மட்டும். வலதும் சேர்ந்து துழாவ வெகு நாளாயிற்று. சாயங்காலம் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி உன் மூட்டைத் தடவுவேன். அம்மாவுக்கும் முட்டி வலி, ரேஷன் கடையில் நின்று வந்தால் உட்கார எழுந்திருக்க முடியாது. அதே கிண்ணத்திலிருந்து அவளும் எடுத்துத் தேய்த்துக்கொள்வாள். "ரெண்டு நொண்டியும் ஒண்ணா உக்காந்து எண்ணெ போடுறோம்டி. யாரு முதல்ல எழுந்து ஓடுறோம்னு பாக்கலாம்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு நிச்சயமாயிற்று. நிச்சயம் முடிந்த மறுநாள் சம்பந்தி வீட்டாருக்குக் கறி விருந்து. மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த சித்தப்பா பனியன் ஊஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்தார். "ஏண்ணே, இதுக்குப் போயி காலத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? சட்டியில போட்டா நாளைக்கு ஒரு நேரத்துக்கு ஆச்சு" என்றார். அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னாள்: "நொண்டிய எடுத்தாந்து சம்பந்தி எலையில வைக்கிறதா? பொண்ணு வாழப் போற எடம். ஊனமானத வச்சா அவளுக்கு ஆகாது." சித்தப்பா, "அதுவும் சரிதான் அண்ணி" என்று எழுந்து போய்விட்டார். உன்னை நொண்டி என்று எல்லோர் முன்னாலும் சொன்னதற்காக நான் அன்று அம்மாவோடு பேசவில்லை. எவ்வளவு முட்டாள் நான். உன்னை அன்றைக்குக் காப்பாற்றியது அந்த ஒரு சொல்தான்.

நீ நடந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனி மாதம். ஆற்று மணலைக் கொல்லையில் கொட்டிப் பரப்பியிருந்தோம். உன்னைப் பனியனிலிருந்து எடுத்து மணலில் நிறுத்திவிட்டு, நான் எதிரில் போய்க் குந்திக்கொண்டு, "ப்பா, ப்பா, ப்பா" என்று கூப்பிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். ஒரு காலை எடுத்து வைத்தாய். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, விழவில்லை. இறக்கையை விரித்துச் சமாளித்துக்கொண்டு அடுத்த காலை வைத்தாய். சாய்ந்து சாய்ந்து, நிறுத்தி நிறுத்தி, என் முட்டியில் வந்து அலகை வைத்தாய். நான் அழுதேன். அம்மா, "என்னவோ புள்ள பரீட்சையில பாஸானாப்ல அழுவுற" என்றாள். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு உன் வாலில் அந்தச் சுருள் இறகு வந்தது, குரல் கரகரத்தது, நீ ஆண் என்று தெரிந்தது. குட்டையில் தண்ணீர் ஏறியதும் நீ அங்கேயே தங்க ஆரம்பித்தாய். யார் கூப்பிட்டாலும் கரைக்கு வரமாட்டாய். என் குரல் கேட்டால் மட்டும் ஆகாயத்தாமரையைப் பிளந்துகொண்டு வருவாய். இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாய். ஆனால் அதை நான் மட்டும்தான் கவனிக்கிறேன். மற்றவர்கள் கண்ணுக்கு நீ நன்றாக நடக்கிற, கொழுத்த, பளபளப்பான வாத்து.

அக்காவின் கல்யாணம் ஆவணியில் சிதம்பரத்தில் நடந்தது. கடைசிப் பந்திக்குச் சாப்பாடு பத்தவில்லை. சாம்பாரில் தண்ணீர் ஊற்றினார்கள், பிறகு அதுவும் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சிலர் இலையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். அப்பா மண்டபத்து வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டார். அப்படி அவர் குனிந்து நின்றதை நான் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் அக்காவும் மாமாவும் முதல் தடவையாக வந்தார்கள். மாமா கெட்டவர் இல்லை துரை. செல்போன் கடை வைத்திருக்கிறார். பேசும்போது போனைக் கையில் சுற்றிக்கொண்டே இருப்பார். அவர் கொல்லைப் பக்கம் வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாமா, இங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ குட்டையிலிருந்து ஏறி, புல்லில் ஓடி வந்து என் காலடியில் நின்றாய். நடக்கவே முடியாமல் கிடந்த என் பிள்ளை ஓடி வருகிறான், அதைப் புதிதாக வந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்ற ஆசை, வேறொன்றும் இல்லை. மாமா சிரித்தார்.

"என்ன மச்சினிச்சி, வாத்து பட்டாளத்துல ட்ரெயினிங் எடுத்தாப்ல வருது? ஜாஸ்தி தீனி போட்டுக் கொழுக்க வச்சிருக்கீங்க. என்ன மாமா, அடுத்த தடவ வரும்போது வாத்துக்கறி உண்டா?"

கடைசி வார்த்தை அப்பாவைப் பார்த்துக் கேட்டது. அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அது. "உங்களுக்கு இல்லாததா மாப்ள! வர்ற ஞாயித்துக்கெழம அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவ ஒரு கொறையும் இருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். மனிதர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதைப் பார்த்து ஏமாறாதே மகனே. அவர்கள் கோபத்தில் சொல்வது பல தடவை நடக்காது. சிரித்துக்கொண்டு சொல்வது நடந்துவிடும்.

இன்று மத்தியானம் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் பின்னால் போய் அக்காவைக் கூப்பிட்டேன். மாமாவிடம் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வை, அவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா விட்டுவிடுவார் என்று கெஞ்சினேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"இவரு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாருடி. மாமனார் வீட்ல வாத்துக்கறின்னு. அவுங்க அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'போய்த்தான் பாப்போமே, இதாவது பத்துமா'ன்னு கேட்டாங்க."

"நீ என்னக்கா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது. இங்க தெனமும் சோறு போடுறப்பல்லாம் அந்தப் பந்தியப் பத்திப் பேசுறாங்க. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. ஒரே ஒரு தடவ, எங்கப்பா சொன்னா செய்வாருன்னு நான் தலை நிமிந்து உக்காரணும்டி. நீ அழாத. எனக்கும் துரைய..." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "வரேன் அத்த" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்காதான் உனக்குத் தினமும் பட்டாணி உரித்துக் கொடுத்தவள். அவள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேலாவது கோபம் வந்தால் தேவலை போலிருக்கிறது.

சாயங்காலம் அப்பா குட்டைக் கரையில் நின்று உன்னைப் பிடிக்கப் பார்த்தார். நீ நடுவில் போய் நின்றுகொண்டாய். அவர் என்னிடம் வந்தார். அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம். "அது என் கைக்கு ஆப்புடாது. காலைல விடிஞ்சதும் நீ கூப்புட்டுப் புடிச்சுக் குடு. குடுத்துட்டு நீ உள்ள போயிடு, பாக்க வேணாம்" என்றார். நான் குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன, சரியா?" என்றார். பயத்தில் தலை தானாக ஆடிவிட்டது. இரவு தட்டு கழுவும்போது அம்மா என் பக்கத்தில் வந்து, பானையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்: "அது நொண்டியாவே இருந்திருந்தா நான் ஒரு வார்த்தையில நிறுத்தியிருப்பேன். இப்ப என் வாய்க்கு வேலையில்லாம பண்ணிட்ட."

துரை, நான் செய்யப் பார்த்ததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு கரைக்கு வந்து உன்னைக் கூப்பிட்டேனே, எதற்கென்று நினைத்தாய்? உன் வலது மூட்டைத் திருப்பிவிடலாம் என்று வந்தேன். ஒரு திருகு, அவ்வளவுதான். காலையில் நீ நொண்டுவாய், அம்மா தன் வார்த்தையைச் சொல்வாள், நீ பிழைப்பாய், நான் மறுபடி தடவிச் சரி செய்துவிடுவேன். உன் காலைக் கையில் எடுத்தேன். நீ எண்ணெய் தடவப் போகிறேன் என்று நினைத்து, காலை முழுவதும் நீட்டி, விரல்களைத் தளர்த்தி, என் முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். தினமும் அப்படித்தான் கொடுப்பாய். மூட்டு இப்போது சூடாக இல்லை. எலும்பு கையில் தட்டுப்பட்டது. என்னால் முடியவில்லை. உன்னைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஒரு அம்மா தன் பிள்ளையைக் காப்பாற்ற அதைக்கூடச் செய்ய வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. செய்யாமல் வந்ததால் நாளை நீ போய்விட்டால், உன்னைக் கொன்ற கை என்னுடையதுதான் என்றும் தெரிகிறது.

இதோ, நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலையில் அப்பா என்னைக் கரைக்குக் கூட்டிப் போய், "கூப்புடு" என்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். அடிப்பார். அப்பா என்னை அடித்ததில்லை, அதனால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அப்புறம் அவர் கடைக்குப் போய்க் கோழி வாங்கி வருவார். அக்கா வண்டியிலிருந்து இறங்கியதும் அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாள். அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவளுடைய மாமியார் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாலே போதும், அது அவளுக்கு ஒரு வருஷத்துக்கு இருக்கும். அதற்காக மாமாவிடம் நானே போய்ச் சொல்லப் போகிறேன். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "மாமா, எங்கப்பா சொன்ன சொல்ல மாத்தல. வாத்து அவுரு கைக்கு வராது, என் கைக்குத்தான் வரும். நான்தான் கூப்புடல. அக்காவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." சபையில் இப்படிப் பேசுகிற தைரியம் எனக்கு இருக்கிறதா என்று தெரியாது. அக்கா என்னை மன்னிப்பாளா என்றும் தெரியாது. ஒருவேளை மாட்டாள். அவளுக்குத் தலை நிமிர்ந்து உட்கார ஒரு நாள் வேண்டியிருந்தது, அதை நான் உனக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் எனக்கு அப்பாவை நினைத்துக்கூட இவ்வளவு பயமில்லை. உன்னை நினைத்துத்தான் பயம். நான் கூப்பிடாவிட்டாலும், கரையில் நிற்கிற என்னைப் பார்த்ததும் நீ வந்துவிடுவாய். பேசாமல் நிற்கிறாளே, அம்மாவுக்கு என்னவோ என்று இன்னும் வேகமாக வருவாய். வராதே துரை. நான் அழுதாலும் வராதே. என்னை அடிக்கிற சத்தம் கேட்டாலும் வராதே. நடுக்குட்டையில், ஆகாயத்தாமரைக்கு அந்தப் பக்கம் இரு. அங்கே உன் மூட்டுக்குப் பாரம் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். மத்தியானம் சாப்பிட்ட இலையை எடுக்கிற வரைக்கும் இருந்தால் போதும். உனக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தபோது ஒவ்வொரு தடவையும் நான் எதிரில் குந்திக்கொண்டு, என்னை நோக்கி நடக்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன். வேறு பக்கமும் நடக்கலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நாளைக்கு நீயாகக் கற்றுக்கொள், கண்ணு.

உன் அம்மா